வீட்டுக் கோழிக் கொட்டகையில் ஈத் தொல்லை: அடக்குவதற்கு வழி என்ன?

கேள்வி: அமராவதிக்கரை

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்துக்குக் கிழக்கே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். வீட்டுக்குத் தென்புறம், மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டினாற்போல் 12 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு கொட்டகை போட்டு, சிறுவிடையும் பெருவிடையும் கலந்து 40 நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். சிமெண்டுத் தரையின் மேல் உமி பரப்பியிருக்கிறேன். மேலே சிமெண்டு அட்டை, சுற்றிலும் கம்பி வலை. பகலெல்லாம் தோட்டத்தில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே அடைய வந்துவிடும். தண்ணீரை அகன்ற பேசினில் ஊற்றிக் கொட்டகையின் மேற்கு ஓரத்தில் வைக்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஈக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. சோற்றுச் சட்டியைத் திறக்க முடியவில்லை. குழந்தை சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் விசிறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். காலில் ஓர் ஆறாத புண் இருக்கிறது. அவர் திண்ணையில் படுத்திருக்கும்போது அந்தப் புண்ணின் கட்டின் மேல் ஈக்கள் வந்து அமர்வதைப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது. பக்கத்துச் சாளையில் இருக்கும் பெரியப்பா வீட்டாரும் கோழிகளை விற்றுவிடச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முட்டையும் கோழியும் விற்று வரும் பணத்தில்தான் வீட்டுச் செலவின் ஒரு பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால் விற்பதற்கு மனம் வரவில்லை.

கொட்டகையை நாள்தோறும் காலையில் சீமாற்றால் கூட்டி, எச்சத்தை அள்ளிக் கட்டுத்தரைக்குப் பின்னால் உள்ள எருக்குழியில் போடுகிறேன். ஃபினாயில் ஊற்றிக் கழுவியும் பார்த்தாயிற்று. இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் ஈ ஏன் குறையவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பயிர் மருந்துக் கடையில் ஒரு புட்டியைக் கொடுத்து, வெல்லப்பாகில் கலந்து தட்டில் வைத்தால் ஈக்கள் செத்து விழும் என்றார்கள். கோழிகள் அந்தத் தட்டைக் கொத்தினால் என்ன ஆகும், செத்த ஈயைத் தின்ற கோழியின் முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற அச்சத்தில் அந்தப் புட்டியை இன்னும் திறக்கவில்லை. சுண்ணாம்பு தூவினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

—

பதில்: கொடுமுடித் தோட்டம்

அம்மணி, முதலில் அந்தப் புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். உங்கள் தொல்லைக்கு அது தேவைப்படாது.

நீங்கள் கேட்டதில் மிக முக்கியமானது, நாள்தோறும் கூட்டியும் ஈ ஏன் குறையவில்லை என்பதுதான். கண்ணுக்குத் தெரியும் ஈ, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே ஏதோ ஓர் ஈரமான இடத்தில் முட்டையாக இடப்பட்டு, புழுவாக வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பிறகு பறந்து வந்தது. நம் ஊர் வெப்பத்தில் வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து ஈ வெளிவர 7 முதல் 10 நாள் போதும். ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். இப்படிப் பல தடவை இடும். ஆகவே பறக்கும் ஈயை எவ்வளவு கொன்றாலும், புழு வளரும் இடத்தைக் கண்டுபிடித்து உலர்த்தாத வரையில் அடுத்த வாரத்துக்கான ஈ அங்கே தயாராகிக்கொண்டே இருக்கும். கோழிகளை விற்றுவிட்டாலும் அந்த இடம் அப்படியே இருந்தால் ஈயும் இருக்கத்தான் செய்யும் என்பதைப் பெரியப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்று இடங்களின் மேல் ஐயம் வருகிறது. ஒன்று, எச்சத்தைப் போடும் எருக்குழி. கொட்டகையிலிருந்து நாள்தோறும் அள்ளிய எச்சம், மாட்டுச் சாணியோடும் மூத்திரத்தோடும் மழைநீரோடும் சேர்ந்து அங்கே கிடக்கிறது. கொட்டகை சுத்தமாகிவிட்டது, புழுவுக்குத் தேவையான இரை சில அடி தூரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு, பேசின் வைத்திருக்கும் மேற்கு ஓரம். கோழிகள் பேசினில் ஏறி நின்று குடித்துச் சிந்தும் தண்ணீரில் அங்கே உமி ஊறிக் கட்டியாகியிருக்கும். மூன்று, சிமெண்டு அட்டையிலிருந்து மழைநீர் சொட்டும் கோடு. அது கம்பி வலைக்கு வெளியே விழுகிறதா, சாரலோடு உள்ளே தெறிக்கிறதா என்பதை ஒரு மழை நேரத்தில் நின்று பாருங்கள்.

நாளைக் காலையில் கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த மூன்று இடங்களையும் கிளறுங்கள். மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. இரண்டு விரற்கடை ஆழத்தில், ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கும் பகுதியில்தான் புழு இருக்கும். வெண்ணெய் நிறத்தில், தலைப்பக்கம் கூராகவும் வால்பக்கம் மழுங்கியும் நெளிந்தால் அது வீட்டு ஈயின் புழு. முதிர்ந்த புழு ஈரத்தைவிட்டு உலர்ந்த ஓரத்துக்கு ஊர்ந்து போய்க் கூட்டுப்புழுவாகும். எனவே குழியின் கரையோரத்திலும் செங்கல் இடுக்கிலும் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில், அரை விரற்கடை நீளத்தில் அசையாத கூடுகள் கிடக்கும். அந்தக் கூடுகள் எங்கே மிகுதியாகக் கிடக்கின்றனவோ, அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

கொட்டகைக்குள் உமியின் ஈரத்தை அறிவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். உதிர்ந்து விழுந்தால் நல்லது. பிடித்த வடிவத்திலேயே உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அதை அன்றே அள்ளி வெளியேற்றி, உலர்ந்த உமியைப் போட வேண்டும். புதிதாக விழும் எச்சத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான் இருக்கிறது. அது 30 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்துவிட்டால் ஈப்புழு அதில் வளர முடியாது. நாம் செய்யும் வேலை முழுவதும், ஈ முட்டையிட்டுப் புழு முதிர்வதற்குள் அந்த எச்சத்தை உலர வைப்பதுதான்.

தண்ணீர்ப் பேசினை எடுத்துவிட்டு, கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கும்படி மணி வடிவக் குடிகலனையோ, தலைக்குச் சற்று மேலே இருக்கும்படி, கொத்தினால் மட்டும் நீர் சொட்டும் நிப்பிள் குழாயையோ வையுங்கள். அதன் கீழே கம்பி வலை அடித்த ஒரு சட்டத்தைப் போட்டு, சிந்தும் நீர் உமியில் விழாமல் வெளியே ஓடும்படி செய்தால் பாதித் தொல்லை தீரும். இன்னொன்றையும் கவனியுங்கள். தாராபுரம், காங்கயம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. உப்பு மிகுந்த தண்ணீரைக் குடிக்கும் கோழி மேலும் மேலும் குடிக்கும். எச்சமும் நீராகப் போகும். கருவாட்டுத் தூளோ உப்புச் சேர்ந்த மீதிச் சோறோ போடும் வழக்கம் இருந்தாலும் இதே நிலைதான். எச்சம் வழக்கமாக வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் கெட்டியாக விழ வேண்டும். பல கோழிகளுக்குத் தொடர்ந்து கழிச்சலாக இருந்தால் குடற்புழுவோ இரத்தக்கழிச்சலோ இருக்கலாம் என்பதால் கால்நடை மருந்தகத்தில் எச்சத்தைக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எருக்குழியை என்ன செய்வது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடியும் வரையில் கோழி எச்சத்தை அந்தக் குழியில் போடாதீர்கள். தண்ணீர் தேங்காத மேட்டில், இடுப்பளவு உயரத்துக்குத் தனியாக ஒரு குவியல் போடுங்கள். கோழி எச்சம் ஒரு கூடை என்றால் நறுக்கிய சோளத்தட்டு, உலர்ந்த இலைச்சருகு, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதில் இரண்டு கூடை என்ற அளவில் அடுக்குங்கள். குவியல் தானாகச் சூடேறும். ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவிப் பாருங்கள். நுனியைக் கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உள்ளே எந்தப் புழுவும் பிழைக்காது. ஆனால் ஓரங்கள் ஆறித்தான் இருக்கும், புழுக்களும் அங்கேதான் ஒதுங்கும். ஆகையால் குவியலைத் தார்ப்பாயால் மூடி, பாயின் ஓரங்கள் மேல் சுற்றிலும் மண்ணைப் போட்டு இடைவெளியில்லாமல் அணையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகும்படி புரட்டிவிட்டு மீண்டும் மூட வேண்டும். வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: புழு ஈயாவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நாள் தேவைப்படுகிறது.

மாட்டுச் சாணிக்கு இவ்வளவு வேலை வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில் அதை மெல்லிய அடுக்காகப் பரப்பிக் கோழிகளை அதன் மேல் விட்டுவிட்டால், கிளறிப் புழுவையும் தின்றுவிடும், சாணியும் உலர்ந்துவிடும். நம் பெரியவர்கள் கட்டுத்தரைப் பக்கம் கோழி மேய்வதைத் தடுக்காமல் இருந்ததில் இந்தப் பயனும் இருந்தது.

—

பதில்: ஆனைமலை அடிவாரம்

அக்கா, கொடுமுடி அண்ணன் சொன்னவை அடிப்படையானவை. அவை பலன் தருவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், அதுவரையில் மாமியாரையும் குழந்தையையும் காப்பதற்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஈ காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லாதது. திண்ணையில் மாமியார் படுக்கும் பக்கம் ஒரு நின்ற மின்விசிறியை வைத்து, காற்று அவர் கால் மேல் படும்படி திருப்பிவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து விசிறுவதைவிட அது நன்றாகக் காக்கும். பகலில் உறங்கும்போது கொசுவலை கட்டிவிடுங்கள். புண்ணின் கட்டு நனைந்திருந்தாலோ வாடை அடித்தாலோ ஈ மேலும் வரும் என்பதால் கட்டை மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் வீட்டு வைத்தியம் எதையும் செய்து பார்க்காமல் மருத்துவர் சொன்னபடியே நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

பொறி வைப்பதாக இருந்தால் இடம்தான் முக்கியம். பலர் கோழிக் கொட்டகைக்கு உள்ளேயோ வீட்டு வாசலிலோ தொங்கவிடுகிறார்கள். பொறியின் வாடை அக்கம்பக்கத்து ஈயையும் இழுத்து வரும் என்பதால், வீட்டுக்கும் கொட்டகைக்கும் 30 அடியாவது விலகி, நிழலான இடத்தில், இடுப்பு உயரத்தில் கட்ட வேண்டும். தண்ணீர்ப் புட்டியின் மேல் பாகத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே வெல்லக் கரைசலோடு புளித்த மோரையோ மீன் கழுவிய நீரையோ ஊற்றி, ஒரு சொட்டுச் சோப்புக் கரைசலும் சேர்த்தால் உள்ளே போன ஈ மூழ்கிவிடும். நஞ்சு எதுவும் தேவையில்லை. தேனீ வந்து விழாமல் இருக்க வேண்டும் என்றால் வெல்லம் சேர்க்காமல் மீன் நீரே போதும். தேனீக்கள் அதை நாடுவதில்லை. வாடை பொறுக்க முடியாத அளவுக்குப் போவதற்கு முன்னால் மண்ணில் குழி தோண்டிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

ஒட்டும் பட்டைகளைக் கொட்டகைக்குள் கட்டலாம்; ஆனால் கோழியின் இறகு படாத உயரத்தில்தான் கட்ட வேண்டும். எந்த இடம் என்பதை ஈக்களே காட்டிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சு அடித்து மேலே பார்த்தால், அட்டையைத் தாங்கும் குழாய்களிலும் தொங்கும் கயிறுகளிலும் ஈக்கள் வரிசையாக அடைந்திருக்கும். பகலில் அதே இடங்களில் சிறு கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். அவை ஈயின் எச்சம். புள்ளி மிகுந்த இடத்தின் அருகில் பட்டையைக் கட்டினால் ஓர் இரவிலேயே நிறைந்துவிடும்.

உமிக்குப் பதிலாகத் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பிப் பாருங்கள். எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் கயிற்றுத் தொழிற்கூடங்களில் அது மலைபோல் கிடைக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். நன்றாக உலர்ந்ததாக வாங்கி நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, வாரத்தில் இரண்டு நாள் கிளறிவிடுங்கள். மழைநாளில் வாங்கும் நார்க்கழிவு ஏற்கெனவே ஊறியிருக்கும், அதை அப்படியே பரப்பினால் ஈரத்தைக் கூட்டியதாகத்தான் ஆகும். எலுமிச்சைப்புல் எண்ணெய், நொச்சித் தழைப் புகை ஆகியவை அந்த நேரத்துக்கு ஈயை விலக்கும். வாடை போனதும் திரும்பி வந்துவிடும். அவற்றை நம்பி மற்ற வேலையை விட்டுவிடக் கூடாது.

—

பதில்: மோகனூர் வழி

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணைகளில் நெடுங்காலம் மேற்பார்வை வேலை பார்த்தவன் நான். மருந்தையும் சுண்ணாம்பையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தப் புட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். டைக்குளோர்வாஸ் என்று இருந்தால் அது 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. முன்பு ஈக்கும் கரப்பானுக்கும் அதைத்தான் எல்லோரும் வாங்கினார்கள். இப்போதும் பழைய வழக்கத்தில் சிலர் அதைத் தேடுகிறார்கள். வேறு எந்தப் பயிர் மருந்தாக இருந்தாலும், கோழி நடமாடும் இடத்தில் வெல்லப்பாகோடு தட்டில் வைப்பது கோழிக்கும் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து. இனிப்பு வாடைக்கு ஈ மட்டும் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நஞ்சு தின்று விழுந்த ஈக்களைக் கோழி பொறுக்கித் தின்னும் என்ற உங்கள் அச்சமும் சரியானதே.

பெரிய பண்ணைகளில் சைரோமசின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலப்பது உண்டு. அது கோழியின் எச்சத்தோடு வெளியே வந்து, அதில் வளரும் புழுவைத் தோலுரிக்க விடாமல் தடுக்கிறது. கூண்டில் அடைத்து முழுத் தீவனத்தையும் நாமே கொடுக்கும் கோழிக்குத்தான் அது பொருந்தும். பகலெல்லாம் வெளியே மேயும் 40 நாட்டுக்கோழிக்கு அதனால் பயன் கிடைக்காது. நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி வாங்குபவர்களுக்கும் அது நியாயமாகாது.

எச்சத்தின் மேல் எந்தப் பூச்சிமருந்தையும் தெளிக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழகிய எச்சக் குவியலில் ஈயின் முட்டையையும் குஞ்சுப்புழுவையும் தின்னும் சிறு கருவண்டுகளும் நுண்ணிய உண்ணிகளும் இருக்கும். கூட்டுப்புழுவைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே வைக்கும் மிகச் சிறிய குளவிகளும் இருக்கும். மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான். ஈ மட்டும் விரைவில் மருந்துக்குப் பழகிவிடும், டி.டி.டி. வந்த 1940-களிலேயே வீட்டு ஈ அதைத் தாங்கப் பழகிவிட்டது. தெளித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்டு, தீவனமும் தண்ணீரும் முட்டையும் வெளியே எடுத்த பிறகு, ஈ அடையும் குழாயிலும் சுவரிலும் மட்டும் தெளிக்க வேண்டும்.

எச்சத்தை அடிக்கடி அள்ளுவதா, விட்டுவைப்பதா என்ற குழப்பம் பலருக்கு உண்டு. எங்கள் பண்ணைகளில் உயரத்தில் கூண்டு இருக்கும். கீழே எச்சம் கூம்பு கூம்பாகக் குவியும். மாதக்கணக்கில் கிடந்தாலும் உலர்ந்த கூம்பில் புழு இருக்காது. மேலே ஒரு நிப்பிள் ஒழுகினால் அதற்கு நேர் கீழே உள்ள கூம்பு மட்டும் சரிந்து கூழாகி, புழுவால் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே அள்ளினால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது தவறாமல் அள்ளி மூடிய குவியலில் சேர்க்க வேண்டும். விட்டுவைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல் காக்க வேண்டும். அரைகுறையாக நனைந்ததைக் கிளறி அப்படியே விடுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் கோழி எச்சத்தின் மேல் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா வாயு விரைவாகக் கிளம்பும். அடைந்த கொட்டகையில் அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். சாம்பலை மிகுதியாகப் போட்டாலும் இதே விளைவுதான். எனவே ஈரமான உமியைச் சுரண்டி எடுத்த பிறகு, கோழிகள் மேயப் போன நேரத்தில், வெறுந்தரையில் நீற்றுச் சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகத் தூவி, உலர விட்டுப் புது உமி போடுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றாமல் பயன்படுத்தக் கூடாது. கோழியின் கால் வெந்துவிடும். நாள்தோறும் ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதையும் நிறுத்திவிடுங்கள். கழுவும் தண்ணீரே தரையின் விரிசல்களிலும் ஓரத்து மண்ணிலும் இறங்கி ஈரத்தை வைத்திருக்கும்.

செத்த கோழியோ குஞ்சோ இருந்தால் எருக்குழியில் வீசாமல் மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். பிணத்தில் பச்சை ஈ முட்டையிடும். அந்தப் பிணத்தில் வளர்ந்த புழுவை உயிருள்ள கோழி தின்றால், அதிலுள்ள பாட்டுலினம் நஞ்சால் கழுத்து துவண்டு சாகக்கூடும். எச்சத்தில் வளரும் புழுவைத் தின்பதால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் கோழிக் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம் வீட்டு ஈயின் உடலில் வளர்கிறது, ஈயைத் தின்னும் கோழிக்கு அது தொற்றும் என்பதால், குடற்புழு நீக்கத்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்யுங்கள். முட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நஞ்சு படாத ஈயைத் தின்ற கோழியின் முட்டையால் கெடுதல் இல்லை. ஓட்டின் மேல் எச்சமோ ஈப்புள்ளியோ இருந்தால் அந்த முட்டையைத் தனியே வைத்து, வீட்டில் நன்றாக வேகவைத்துப் பயன்படுத்துங்கள்.

—

கேள்வியாளர்: அமராவதிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. புட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருக்கிறது. பெயரைப் படிக்க முடியவில்லை என்பதால் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட என் கணவர் எடுத்துச் சென்றிருக்கிறார். மாமியாருக்கு மின்விசிறியும் வலையும் வைத்த அன்றைக்கே அவர் நிம்மதியாக உறங்கினார்.

கொத்தால் கிளறிப் பார்த்தேன். பேசின் வைத்த இடத்தில் உமியின் அடியில் வெள்ளைப் புழுக்கள் இருந்தன. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எருக்குழியின் வடக்குக் கரையில்தான் செம்பழுப்புக் கூடுகள் கையால் அள்ளும் அளவுக்குக் கிடந்தன. எச்சக் குவியலைத் தனியாக மேட்டில் போட்டுத் தார்ப்பாயால் மூடிவிட்டோம். பழைய குழியை என்ன செய்வது? அதைக் கிளறும்போது வேறொரு புழுவும் கண்ணில் பட்டது. கரும்பழுப்பு நிறத்தில், தட்டையாக, வரிவரியாக, தோல் போலத் தடித்து, வெள்ளைப் புழுவைவிட இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. அதைக் கொல்ல வேண்டுமா?

மற்றொரு செய்தியும் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு மேற்கே மஞ்சள் காட்டுக்காகக் கோழிப்பண்ணை எரு ஒரு லாரி கொண்டுவந்து கொட்டி வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்து கிடக்கிறது. அதிலிருந்தும் ஈ வருமா?

—

பதில்: மோகனூர் வழி

நீங்கள் விவரித்த தட்டையான கரும்பழுப்புப் புழு, கருஞ்சிப்பாய் ஈ என்று சொல்லப்படும் இனத்தின் புழு. அதைக் கொல்ல வேண்டாம். அந்த ஈ பெரிதாகக் குளவி போல இருக்கும்; வீட்டுக்குள் வந்து உணவின் மேல் அமரும் பழக்கம் அதற்கு இல்லை, வளர்ந்த ஈ பெரும்பாலும் எதையும் தின்பதும் இல்லை. அதன் புழுக்கள் பெருகிய இடத்தில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைந்துவிடும். புரதமும் கொழுப்பும் நிறைந்தது என்பதால் அதைக் கோழித் தீவனத்துக்காகவே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பெருகினால் எச்சம் கூழாகும். ஆகவே கொட்டகைக்குள் அதை வளரவிடாமல் குழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

—

பதில்: கொடுமுடித் தோட்டம்

பழைய குழியை ஒரே நாளில் முழுவதும் அள்ள வேண்டாம், அம்மணி. வடக்குக் கரையில் கிடக்கும் கூடுகளை மண்ணோடு சுரண்டி எடுத்து, மூடிய சூடான குவியலின் நடுவில் புதைத்துவிடுங்கள். வெறும் மண்ணில் ஓர் அடி ஆழத்தில் புதைத்தாலும் கூட்டைவிட்டு வெளிவரும் ஈக்களில் பல மேலே ஏறி வந்துவிடும். பிறகு குழியில் தேங்கிய நீரை வடிய விட்டு, மேலே ஒரு சாண் கனத்துக்கு உலர்ந்த செம்மண்ணும் சோளத்தட்டும் போட்டு மூடிவிடுங்கள். கோடையில் குழியை வெட்டி எடுத்து நிலத்துக்கு விடலாம். அடுத்த மழைக்கு முன்னால் குழியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு கட்டி, மேலே ஓலைப் பந்தலாவது போட்டுவிட்டால் மழைநீர் இறங்காது.

மஞ்சள் காட்டு எருவைப் பற்றிக் கேட்டது மிகவும் சரி. வீட்டு ஈ ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை இயல்பாகப் பறந்து வரும். ஒரு லாரிப் பச்சை எரு மழையில் நனைந்து கிடந்தால் உங்கள் 40 கோழிகளின் எச்சத்தைவிடப் பல மடங்கு ஈ அதிலிருந்து கிளம்பும். ஈரோட்டிலும் உங்கள் பக்கத்திலும் மஞ்சளுக்கும் தென்னைக்கும் பண்ணை எரு வாங்கிப் போடுவது எல்லோருடைய வழக்கமும்தான், அதில் தவறில்லை. அதை மக்க வைக்காமல் திறந்தபடி குவித்துப்போடுவதுதான் அக்கம்பக்கத்தைப் பாதிக்கிறது. சண்டை என்ற அளவுக்குப் போகாமல், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சென்று பேசிப் பாருங்கள். பச்சைக் கோழி எரு மஞ்சளின் வேரைச் சூடேற்றும், நனைந்த எருவிலிருந்து தழைச்சத்து ஆவியாகவும் தண்ணீரோடும் போய்விடும் என்பதைச் சொன்னால், மூடி வைப்பது அவர்களுக்கே ஆதாயம் என்பது புரியும். குவியலில் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவி மூடினால் அந்தத் தழைச்சத்து ஓரளவு தங்கும் என்பதையும் சொல்லுங்கள். தார்ப்பாய் இல்லை என்றால் உங்களுடையதைக் கொடுத்து உதவுங்கள். அந்தக் குவியல் மூடப்படும் வரையில் உங்கள் கொட்டகையை எவ்வளவு உலர்த்தி வைத்தாலும் திண்ணையில் ஈ குறைந்தாற்போல் தெரியாது.

பெரியப்பா வீட்டாரையும் அழைத்துச் சென்று அந்தக் கூடுகள் கிடந்த கரையையும் மஞ்சள் காட்டுக் குவியலையும் நேரில் காட்டிவிடுங்கள். கொட்டகைக்குள் இப்போது உமி கையில் உதிர்கிறதா என்பதை அடுத்த வாரம் எழுதுங்கள். உதிரவில்லை என்றால் குடிதண்ணீரின் உப்பைச் சோதித்துப் பார்ப்பதைப் பற்றி மேலும் பேசலாம்.